அறுந்த வலைக்கு யார் கொடுப்பது?
வாசகர் கேள்வி – பதில்

சாமி, நான் விசைப்படகு டிரைவர். கல்யாணத்துக்கு முன்னால் குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) பண்ணியது, பன்னிரண்டு வருஷமாச்சு. ஒருநாள் ராத்திரி, மிதவைக் கொடி கண்ணில் பட்டும், ஒரு நாட்டுப்படகுக்காரரின் வலைமேலேயே மடியை (இழுவலையை) இழுத்துக்கொண்டு போய்விட்டேன். வலை நாசம். யார் செய்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வரணும் என்று இருக்கிறது. செபமெல்லாம் மறந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், தங்கச்சிமடம்

செபம் மறந்ததில் ஒன்றுமில்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (குருவிடம் பாவத்தைச் சொல்லும் இடம்) முழந்தாளிட்டதும் "சாமி, பன்னிரண்டு வருஷமாச்சு, முறை மறந்துபோச்சு, உதவி செய்யுங்க" என்று சொல்லிவிடுங்கள். மீதியைக் குருவே நடத்துவார். ஞாயிறு பூசைக்கு முன்னால் வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது மட்டும் போகாதீர்கள். படகு போகாத நாளில், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் அவசரம் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இதற்கு நல்ல நேரம். பங்குச் சாமி குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் என்று கூச்சமா? ஓரியூர் திருத்தலத்துக்குப் போய் அங்குள்ள குருவிடம் செய்யுங்கள். எங்கே செய்தாலும் மன்னிப்பு ஒன்றுதான்.

முந்தின இரவு அரைமணி நேரம் உட்கார்ந்து பத்துக் கட்டளைகளை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். சாவான பாவங்களை (தெரிந்தே, மனதாரச் செய்த கனமான பாவங்களை) வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 988. பன்னிரண்டு வருஷத்துக்குச் சரியான கணக்கு யாரிடமும் இருக்காது. "மாசம் ரெண்டு மூணு தடவை, நாலு வருஷமா" என்றால் போதும். சனிக்கிழமை கிளம்பிய படகு ஞாயிறு காலையில்தான் கரை திரும்பும் என்பதால் விட்டுப்போன பூசையையும், கரையில் இருந்துகொண்டே சோம்பலில் விட்ட பூசையையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். முதலாவது பிழைப்பின் கட்டாயம். ஆனால் மாலைப் பூசை இருந்தும் போகவில்லை என்றால் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நீண்டகாலம் கழித்து வருகிறவர்கள் தடுமாறும் இடங்கள் உண்டு. பெண்டாட்டி, மச்சான், படகு முதலாளி செய்த பாவங்களையெல்லாம் சொல்லிவிட்டு, தன்னுடையதற்கு வரும்போது "மற்றபடி எல்லாப் பாவமும் செஞ்சிருக்கேன் சாமி" என்று முடிப்பார்கள். அது அறிக்கை ஆகாது. இன்னொன்று இதைவிடக் கெடுதல்: வெட்கப்பட்டு ஒரு சாவான பாவத்தைத் தெரிந்தே மறைப்பது. அப்படிச் செய்தால் சொன்ன மற்றவையும் செல்லாது. உண்மையாகவே மறந்துபோனது வேறு. அதுவும் சேர்ந்தே மன்னிக்கப்படும், நினைவு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும்.

இனி வலை. கொடி தெரியாத இருட்டில் தவறிப்போய் இழுத்திருந்தால் அது விபத்து, பாவமல்ல. நீங்கள் தெரிந்தே போயிருக்கிறீர்கள். குரு கொடுக்கும் அபராதம் (பாவப் பரிகாரம்) மாதாவை நோக்கிச் சொல்லும் மூன்று அருள்நிறை மந்திரமாக இருக்கலாம். மந்திரம் சொன்னதால் வலைக்காரருக்குச் சேர வேண்டிய பணம் கழிந்துவிடாது. அதற்காக, பணம் கொடுத்து முடிக்கும்வரை மன்னிப்புக் கிடைக்காது என்றும் நினைக்காதீர்கள். கொடுப்பேன் என்ற உறுதியான தீர்மானம் இருந்தால் அன்றைக்கே மன்னிப்பு உண்டு. நற்செய்தியில் வரும் வரிதண்டுபவர் சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். அது அவருடைய தாராளம். உங்கள் கடமை வலையின் அன்றைய மதிப்பும், அது இல்லாமல் அவர் இழந்த பாடும் (மீன் வரும்படியும்). மொத்தமாக முடியாதென்றால் தவணையில் கொடுங்கள், தடைக்காலம் முடிந்தபின் தொடங்கினாலும் சரி. படகைத் திருப்ப வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. அவர் தரமாட்டேன் என்றால் உங்கள் கடமை தீர்ந்துவிடாது.

நேரில் போய் ஒப்புக்கொண்டால் ஊரில் சண்டை மூளும் என்றால், பெயர் சொல்லாமல் குரு வழியாகக் கொடுத்தனுப்பலாம். ஆனால் தொட்டியில் கேட்டதை வைத்துக் குரு தானாக எதுவும் செய்யக்கூடாது. அந்த இரகசிய முத்திரையை மீற எவருக்கும் அனுமதியில்லை (சட்டம் 983). ஆகவே வெளியே வந்து, தனியாக, நீங்களே பணத்தைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். வலைக்காரர் இறந்திருந்தால் பிள்ளைகளுக்கு. யார் வலை என்றே தெரியாவிட்டால் ஏழைகளுக்கு.

நடுக்கடலில் புயல். பக்கத்தில் குரு இல்லை. போனிலோ வயர்லெஸ்ஸிலோ பாவசங்கீர்த்தனம் செய்யலாமா? எங்கள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகும்போதெல்லாம் இதே யோசனை.
– வாசகி, பாம்பன்

செய்ய முடியாது அம்மா. குருவும் பாவியும் ஒரே இடத்தில் நேரில் இருந்தால்தான் அருட்சாதனம். ஆனால் கடலில் இருப்பவருக்கு வழி அடைபட்டுப் போகவில்லை. உத்தம மனஸ்தாபம் சாவான பாவத்தையும் போக்கும். அதற்கு இரண்டு வேண்டும். துயரம் நரகப் பயத்தால் மட்டும் வராமல், அன்பே உருவான கடவுளை நோகடித்துவிட்டோமே என்று வர வேண்டும். கரை சேர்ந்ததும் கூடிய சீக்கிரம் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற தீர்மானம் இருக்க வேண்டும். நீளமான மந்திரம் தேவையில்லை. "கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்" என்ற, நற்செய்தி உவமையில் வரும் வரிதண்டுபவரின் செபமே போதும். அவர் கிளம்பும் நேரத்தில் இருவரும் சேர்ந்து அதைச் சொல்லிப் பழகுங்கள். அலை ஏறும்போது புதிதாக எதுவும் வாயில் வராது.

ஆண்டுதோறும் தவக்காலத்தில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்வருகிறேன். அதுவே பாவத்துக்குப் பரிகாரம் ஆகாதா?
– வாசகர், இராமேஸ்வரம்

பரிகாரத்தில் சேரும், பாவசங்கீர்த்தனத்துக்கு ஈடாகாது. வெயிலில் சிலுவைப்பாதையில் நடப்பது நல்ல தவம்தான். அங்கே இரு நாட்டுக் குருக்களும் வருகிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில், அந்தக் குறுகிய நேரத்தில் நிதானமாகச் சொல்ல இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் படகு ஏறுவதற்கு முந்தின வாரமே உங்கள் பங்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தை முடித்துவிடுங்கள். தீவில் மறுநாள் காலைப் பூசையில் தயக்கமில்லாமல் நன்மை (நற்கருணை) வாங்கலாம்.