ஹெல்சிங்கியிலிருந்து தாலினுக்குப் பாய்மரப் படகில் ஒரே நாளில் போய்வரலாமா?

கேள்வி: ஹெல்சிங்கியில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் நண்பர் 31 அடி பாய்மரப் படகு வைத்திருக்கிறார். ஜூலையில் ஒரு சனிக்கிழமை நாலு பேராக, எதிர்க்கரையில் இருக்கும் எஸ்டோனியாவின் தலைநகர் தாலினுக்குப் போகலாம் என்கிறார். எனக்குப் படகு அனுபவமே இல்லை. காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாமா? எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

பதில்: போகலாம். ஆனால் அன்றே திரும்ப முடியாது. பயணிகள் கப்பல் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுவதால் பக்கம்தானே என்று தோன்றும். தூரம் ஏறக்குறைய 45 கடல் மைல். உங்கள் நண்பரின் படகு மணிக்கு 5 மைல் ஓடினாலே நல்ல ஓட்டம். ஆக, போவதற்கே ஒன்பது மணி நேரம், அதுவும் காற்று ஒத்துழைத்தால். தாலின் நேர் தெற்கே இருக்கிறது. தென்மேற்குக் காற்றென்றால் பாயை இறுக்கிப் பிடித்து ஒரே ஓட்டத்தில் போய்விடப் பார்க்கலாம். அதே காற்று நேர் தெற்கிலிருந்து வீசத் தொடங்கினால் படகு வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். 45 மைல் 60-ஐத் தாண்டும். அதனால் ஞாயிறையும் கையில் வைத்துக்கொண்டு, சனி காலை ஐந்து மணிக்கே கிளம்புங்கள். ஜூலையில் அப்போது நன்றாக விடிந்திருக்கும். பின்லாந்து வானிலை மையம் காற்றை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லும். 14 மீட்டரானால் எச்சரிக்கையே வந்துவிடும். புதியவர்கள் இருக்கும் படகுக்கு 10 மீட்டரே அதிகம் என்பேன். பால்டிக் அலை உயரம் குறைவுதான், ஆனால் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் அடுத்தடுத்து வந்து குலுக்கும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது கப்பல் பாதை. இரண்டு நகரங்களுக்கும் இடையிலுள்ள பின்லாந்து வளைகுடாவின் நடுவில், சாலையில் போடுவதுபோலக் கிழக்கே போகவும் மேற்கே போகவும் தனித்தனித் தடங்கள் வகுத்திருக்கிறார்கள். எண்ணெய்க் கப்பலும் சரக்குக் கப்பலும் இரவு பகலாக அதில் ஓடும். பாய்மரத்துக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தடத்துக்குள் அதை நம்பாதீர்கள்: அங்கே சின்னப் படகுதான் ஒதுங்க வேண்டும். குறுக்கே கடக்கும்போது படகின் மூக்கு தடத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பது விதி. காற்று செத்துப்போனால் தயங்காமல் என்ஜினைப் போடச் சொல்லுங்கள்.

இதில் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. தூரத்தில் கப்பல் தெரிந்ததும், நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே படகோரக் கம்பி ஒன்றுக்கு நேராக அதை வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடம் கழித்துப் பார்க்கும்போது கம்பியைவிட்டு நகர்ந்திருந்தால் சரி. படகு திசை மாறாமல் போக, கப்பல் மட்டும் அதே கம்பிக்கு நேரே பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதும் பாதையில் இருக்கிறீர்கள், உடனே நண்பரிடம் சொல்லுங்கள். தாலின் பயணிகள் கப்பல்கள் மணிக்கு 25 கடல் மைலுக்கு மேல் ஓடக்கூடியவை. ஐந்து மைல் தள்ளிப் பொம்மைபோலத் தெரிவது பன்னிரண்டே நிமிடத்தில் பக்கத்தில் நிற்கும். சமீப வருடங்களில் இந்த வளைகுடாவில் ஜிபிஎஸ் அடிக்கடி குளறுபடி செய்கிறது. காகித வரைபடமும் திசைகாட்டியும் படகில் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே கேளுங்கள். புதுஆள் கேட்கிறானே என்று கோபித்துக்கொள்ளும் மாலுமி நல்ல மாலுமி இல்லை.

குளிரைக் குறைத்து எடை போடாதீர்கள். மேற்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும் சில நாள் விடாமல் அடித்தால் பின்லாந்துக் கரையோர மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போய்விடும், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். நேற்று 18 டிகிரி இருந்த கடல் நாளை 10-க்கு இறங்கும். லைஃப் ஜாக்கெட்டை ஏறும்போதே மாட்டி, இறங்கும்வரை கழற்றாதீர்கள். குல்லா, காற்றுப் புகாத மேல்சட்டை, வெள்ளை அடிப்பாகமுள்ள ரப்பர் ஷூ போதும்.

வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். குமட்டல் வந்தபிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். என் முதல் பயணத்தில் கீழே கேபினில் போய் ஃபோன் பார்த்தேன். மீதிப் பயணம் பக்கெட்டோடு கழிந்தது. மேலேயே உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள். சுக்கானைக் கொஞ்ச நேரம் கொடுத்தால் இன்னும் நல்லது. சாப்பாட்டுக்குப் புளியோதரை, ஒரு கையால் சாப்பிடலாம்.

பின்லாந்தும் எஸ்டோனியாவும் ஷெங்கன் நாடுகள், அதாவது இடையே வழக்கமான எல்லைச் சோதனை கிடையாது. இருந்தாலும் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அனுமதி அட்டையும் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். கரை நெருங்கும்போது ஓலாஃப் தேவாலயத்தின் கூர்கோபுரம் முதலில் தெரியும். பிரிட்டா துறைமுகத்தில் இடம் பிடிக்கச் சொல்லுங்கள், 1980 ஒலிம்பிக் படகுப் போட்டிக்காகக் கட்டியது. படகு கரையை ஒட்டும்போது முட்டாமலிருக்க யாரும் காலை நீட்டித் தடுக்கக் கூடாது. நாலு டன்னுக்கும் கல்லுக்கும் நடுவில் கால் மாட்டினால் ஞாயிறு ஆஸ்பத்திரியில்தான்.