சன்னல் கண்ணாடி முதல் சிம்னி வரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கண்ணாடியைத் துடைப்பது குறித்து வாசகர்கள் கேட்டிருந்தவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். எதைக் கொண்டு துடைப்பது என்பதைவிட, கண்ணாடியின்மேல் இருப்பது என்ன என்பதே முதலில் தெரிய வேண்டியது. தூசியா, எண்ணெய்ப் பிசுக்கா, தண்ணீர் விட்டுச்சென்ற உப்பா, அல்லது கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், வீட்டிலிருக்கும் நான்கைந்து எளிய பொருள்களே எல்லா வேலைக்கும் போதும்.

கேள்வி: சன்னல் கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும், காய்ந்த பிறகு கோடு கோடாகத் தெரிகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் அது அழுக்கு அன்று, துடைக்கும்போது நாமே விட்டுவைக்கும் சோப்புதான். வாளியில் நுரை ததும்பும் அளவுக்குச் சோப்பைக் கரைத்துவிட்டால், அதைக் கண்ணாடியிலிருந்து முழுவதும் அலசி எடுப்பது கடினம். தண்ணீர் ஆவியானதும் சோப்பு மட்டும் மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. 5 லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டி போதும். கட்டிச் சோப்பை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கடின நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத வெண்ணிறக் கசடாகி அது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

வெயில் நேராக விழும் நேரத்தில் துடைப்பதும் ஒரு காரணம். சூடான கண்ணாடியில் ஊற்றிய தண்ணீர், நாம் வழித்தெடுப்பதற்குள் ஆங்காங்கே காய்ந்து, தன்னிடமிருந்த அழுக்கையும் உப்பையும் அப்படியே விட்டுவிடுகிறது. காலையிலோ மாலையிலோ, மேகமூட்டமான நாளிலோ இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். துணியையும் கவனிக்க வேண்டும். துணிகளை மென்மையாக்கும் திரவத்தில் அலசிய துணியின் இழைகளில் மெழுகு போன்ற ஒரு பூச்சு இருக்கும். கண்ணாடியில் தேய்க்கும்போது அது இடம் மாறிவிடும். பல முறை துவைத்து நைந்த பருத்தித் துணியே நல்லது.

முறை இதுதான்: முதலில் சட்டத்திலும் மூலைகளிலும் உள்ள தூசியை உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால், தண்ணீர் பட்டதும் அந்தத் தூசி சேறாகிக் கண்ணாடியில் வழியும். பிறகு ஸ்பஞ்சால் கண்ணாடி முழுவதும் நன்றாக நனைத்துத் தேய்த்து, ரப்பர் பட்டை பொருத்திய வைப்பரால் வழித்தெடுங்கள். இன்று நாம் பயன்படுத்தும், ஒற்றை ரப்பர் பட்டை கொண்ட இலேசான வைப்பருக்கு 1936இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியர். கண்ணாடி துடைக்கும் தொழிலாளர்கள் இன்றும் அதே வடிவத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். வைப்பரை வைப்பதற்கு முன், கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குத் துணியால் உலர்த்திவிடுங்கள். உலர்ந்த அந்தப் பட்டையிலிருந்து தொடங்கினால், மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் பிறகு சொட்டி வழியாது. ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ரப்பரைத் துடைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இழுப்பு, முந்தைய இழுப்பின் ஓரத்தின்மேல் சற்றே ஏறிச் செல்லட்டும். இறுதியாக நான்கு ஓரங்களிலும் தங்கிய ஈரத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

துணியால் மட்டுமே துடைப்பவர்கள், உட்புறத்தைக் குறுக்காகவும் வெளிப்புறத்தை நெடுக்காகவும் துடைத்தால், மிஞ்சியிருக்கும் கோடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை உடனே கண்டுகொள்ளலாம்.

கேள்வி: செய்தித்தாளால் துடைத்தால் கண்ணாடி பளிச்சென்று ஆகும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா?

பதில்: உண்மைதான். செய்தித்தாள் துணியைப் போலப் பஞ்சு விடுவதில்லை. அதன் கரடான இழைகள் மிச்ச ஈரத்தை இழுத்துக்கொண்டு, கண்ணாடியை மெல்ல மெருகேற்றவும் செய்கின்றன. ஆனால் கழுவுவதற்கு அது உதவாது. கழுவி வழித்த பிறகு, கடைசி ஈரத்தைப் போக்குவதற்கு மட்டும் கசக்கிப் பயன்படுத்துங்கள். வழவழப்பான வண்ணத் தாள்கள் ஈரத்தை உறிஞ்சுவதில்லை, அவை வேண்டாம். வெள்ளை வண்ணம் பூசிய சன்னல் சட்டத்தில் அச்சு மை ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், அங்கே துணியே மேல்.

கேள்வி: வினிகரை எவ்வளவு கலக்க வேண்டும்? அதோடு சமையல் சோடாவையும் சேர்த்தால் இன்னும் நன்றாக வேலை செய்யுமா?

பதில்: சாதாரண வெள்ளை வினிகரில் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். அன்றாடத் துடைப்புக்கு ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் போதுமானது. தண்ணீர் விட்டுச்செல்லும் சுண்ணாம்புப் படிவைக் கரைப்பதே வினிகரின் பலம். எண்ணெய்ப் பிசுக்கை அது கரைக்காது. அடுப்பங்கரைச் சன்னலில் வினிகரைத் தெளித்துத் தேய்த்தால், பிசுக்கு அகலமாகப் பரவுமே ஒழியப் போகாது. அங்கே முதலில் வெதுவெதுப்பான சோப்பு நீரால் கழுவி அலசிய பிறகே வினிகர் நீரால் துடைக்க வேண்டும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். ஒன்று காரம், மற்றொன்று அமிலம். இரண்டும் சேர்ந்ததும் பொங்கி நுரைப்பதைப் பார்த்து, வேலை நடக்கிறது என்று நம்பத் தோன்றும். உண்மையில் கரியமில வாயு வெளியேறி, சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர்தான் மிஞ்சுகிறது. இரண்டு நல்ல பொருள்களும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடுவதால், தனித்தனியாகப் பயன்படுத்துவதே சரி.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. குளோரின் கலந்த பிளீச் திரவத்தோடு வினிகரை ஒருபோதும் கலக்கக் கூடாது. அதிலிருந்து வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும். குளியலறை போன்ற அடைபட்ட இடத்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். பளிங்கு, சுண்ணாம்புக்கல் போன்ற கற்களால் ஆன சன்னல் திண்டுகளிலும் வினிகர் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமிலம் அவற்றின் மெருகை அரித்துவிடும்.

கேள்வி: குளியலறைக் கண்ணாடித் தடுப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் படிந்துவிட்டன. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

பதில்: கடின நீரின் துளிகள் காயும்போது அதிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் கல்லாகப் படிந்ததுதான் அந்தப் புள்ளிகள். சோப்பால் அவை கரைவதில்லை. அமிலம் வேண்டும், அதைவிட முக்கியமாக நேரம் வேண்டும். தெளித்தவுடன் வழிந்தோடிவிடும் வினிகரால் பயன் அதிகமில்லை. பழைய பருத்தித் துணியைக் கலப்பில்லாத வினிகரில் முக்கி, இலேசாகப் பிழிந்து, புள்ளிகள் உள்ள இடத்தில் அப்படியே ஒட்டிவிடுங்கள். ஈரம் இருக்கும்வரை அது கண்ணாடியைப் பற்றிக்கொண்டு நிற்கும். துணி காயத் தொடங்கினால் மீண்டும் சற்று வினிகரைத் தெளியுங்கள். அரை மணி நேரம் கழித்துத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், கெட்டியான படிவுகளைச் சுற்றிச் சிறு சிறு குமிழிகள் எழுந்திருப்பதைக் காணலாம்; படிவு கரைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு நைலான் நாரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்திவிடுங்கள். மிச்சமிருந்தால் அழுத்தித் தேய்க்காமல், துணியை மறுபடியும் ஒட்டுங்கள். எலுமிச்சைச் சாறும் இதே வேலையைச் செய்யும்.

இப்படி இரண்டு மூன்று முறை செய்தும் மங்கல் சிறிதும் மாறவில்லை என்றால், அங்கே இருப்பது வினிகருக்குக் கரையாத சிலிகாப் படிவாக இருக்கலாம், அல்லது கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கலாம். அதற்குமேல் வீட்டு வைத்தியம் எதுவும் பலிக்காது. தேய்க்கத் தேய்க்கக் கீறல்தான் கூடும். ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் வைப்பரால் ஒருமுறை வழித்துவிடும் வழக்கத்தை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். அதற்கு ஈடான மருந்து வேறில்லை.

கேள்வி: சாம்பல் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: கனிமங்களின் கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் சன்னல் கண்ணாடியின் எண் ஏறத்தாழ 5.5, மணலிலுள்ள குவார்ட்சின் எண் 7. ஆகவே மணல் கலந்த எந்தப் பொருளும் கண்ணாடியைக் கீறும். விறகுச் சாம்பலின் காரத்தன்மை பிசுக்கை நன்றாகவே நீக்கும் என்றாலும், அதில் மண்ணும் மணலும் கலந்திருப்பது மிகவும் இயல்பு. தூசி படிந்த கண்ணாடியை வெறும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. தூசியிலும் மணல் துகள் உண்டு.

சாம்பலுக்குப் பதிலாக, முன்னாளில் பலரும் பயன்படுத்திய சுண்ணக்கட்டித் தூளை முயன்று பாருங்கள். கால்சியம் கார்பனேட்டின் கடினத்தன்மை 3 மட்டுமே என்பதால், மென்மையான தூளாக இருக்கும்வரை அது கண்ணாடியைக் கீறாது. தூளை நன்றாகச் சலித்து, தண்ணீரில் பால்போலக் கரைத்து, கழுவிய கண்ணாடியில் மெல்லியதாகப் பூசுங்கள். அது காய்ந்து வெள்ளையாக மாறிய பின் உலர்ந்த மென்துணியால் வட்டமாகத் துடைத்து எடுத்தால், விரல் ரேகைகளும் எஞ்சிய பிசுக்கும் தூளோடு வந்துவிடும். தூள் உதிரும் வேலை இது. சன்னல் சட்டத்தைப் பிறகு துடைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரங்கள் கறுத்துவிட்டன. எதைக் கொண்டு துடைப்பது?

பதில்: ரசம் போன கண்ணாடியைத் துடைத்து மீட்க முடியாது, அந்தக் கறுப்பு முன்பக்கத்தில் இல்லை, பின்பக்கப் பூச்சில் இருக்கிறது. கண்ணாடியில் வெள்ளியைப் படியவைக்கும் வேதிமுறையை 1835இல் கண்டறிந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக். அந்த வெள்ளிப் பூச்சுக்குள் ஓரங்களின் வழியாக ஈரம் நுழையும்போது அது கறுத்து உரிகிறது. ஆகவே கண்ணாடியின்மேல் நேராக எதையும் தெளிக்காதீர்கள். துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, கீழ் ஓரத்தை உடனே உலர்த்திவிடுங்கள். லீபிக்கின் முறைக்கு முந்தைய மிகப் பழைய கண்ணாடிகளின் பின்புறத்தில் வெள்ளீயமும் பாதரசமும் கலந்த பூச்சு இருக்கும். அதைச் சுரண்டவே கூடாது.

கேள்வி: மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னியை உடையாமல் சுத்தம் செய்வது எப்படி?

பதில்: முழுவதும் ஆறிய பிறகே தொடுங்கள். சூடான சிம்னியில் ஈரம் பட்டால், அந்த இடம் மட்டும் சட்டென்று சுருங்கி விரிசல் விடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓட்டோ ஷாட் உருவாக்கிய போரோசிலிகேட் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே விரிவடைவதால் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் உங்கள் சிம்னி எந்த வகை என்பது பார்வைக்குத் தெரியாது என்பதால், பொறுத்திருப்பதே பாதுகாப்பு. கரியை முதலில் ஈரமின்றி, கசக்கிய தாளால் துடைத்தெடுங்கள். தண்ணீரைத் தொட்டுவிட்டால் கரி குழைந்து கண்ணாடி முழுவதும் அப்பிக்கொள்ளும். அதன்பின் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி அலசுங்கள். கையை உள்ளே நுழைக்க வேண்டாம். ஒரு குச்சியின் நுனியில் துணியைச் சுற்றிப் பயன்படுத்துங்கள். ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகே விளக்கை ஏற்ற வேண்டும்.

கேள்வி: வண்ணம் பூசும்போது கண்ணாடியில் தெறித்த துளிகளை எப்படி எடுப்பது?

பதில்: சோப்பு நீரால் நனைத்துவிட்டு, புதிய பிளேடை ஏறத்தாழ 30 பாகை சாய்வில் வைத்து, ஒரே திசையில் தள்ளுங்கள், முன்னும் பின்னும் தேய்த்தால் அடியில் சிக்கும் துகள் கீறிவிடும். கடினமாக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடியிலும், படலம் ஒட்டிய கண்ணாடியிலும் பிளேடு வேண்டாம். தெறித்தது சுண்ணாம்போ சிமென்ட்டோ என்றால் காயவிடாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அவற்றின் காரம் கண்ணாடியையே அரிக்கும்.

கேள்வி: இரட்டைக் கண்ணாடிச் சன்னலின் இரண்டு தகடுகளுக்கும் நடுவே பனி படர்ந்ததுபோல் மங்கலாக இருக்கிறது.

பதில்: ஓர அடைப்பு பழுதாகி உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. துடைத்துப் பயனில்லை, அந்தக் கண்ணாடித் தொகுப்பை மாற்ற வேண்டும்.

கேள்வி: கழுத்துக் குறுகிய கண்ணாடிக் குப்பியின் அடியில் படிந்த கறையைத் தூரிகையால் எட்ட முடியவில்லை.

பதில்: கறை வெண்மையாக இருந்தால் அது உப்புப் படிவு, ஒரு கைப்பிடி கல் உப்பையும், அது மூழ்கும் அளவுக்கு வினிகரையும் விட்டு, சில நிமிடங்கள் சுழற்றிக் குலுக்குங்கள். உப்பு வினிகரில் விரைவில் கரைந்துவிடாது என்பதால், அதன் பருக்கைகள் கறையை உரசி எடுக்கும். கண்ணாடியைவிட மென்மையானவை என்பதால் கீறவும் செய்யாது. கறை பிசுக்காக இருந்தால், நொறுக்கிய முட்டை ஓட்டையும் வெதுவெதுப்பான சோப்பு நீரையும் இட்டுக் குலுக்குங்கள். முட்டை ஓட்டோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள். ஓடும் சுண்ணாம்புப் பொருளே ஆதலால், கறையைக் கரைக்க வேண்டிய அமிலம் ஓட்டைக் கரைப்பதிலேயே தீர்ந்துபோகும். அலசிய பின் குப்பியை உடனே மூடாமல், கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, பிறகு வாய் திறந்தபடி நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். உள்ளே தங்கும் ஈரம்தான் அடுத்த வெண்கறைக்குத் தொடக்கம்.