சிறுத்தையை விடுங்கள், முதலில் தாத்தாவின் துப்பாக்கியை வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள்

கேள்வி: ஈரோடு மாவட்டம் தாளவாடி மலையில் விவசாயம் செய்கிறேன். நான்கு மாதத்தில் மூன்று மாடுகளைச் சிறுத்தை அடித்துவிட்டது, அதில் ஒன்று சினை மாடு. ரேஞ்சர் ஆபீசுக்கு நடந்து நடந்து அலுத்துவிட்டேன், மரியாதையாகக்கூடப் பேசுவதில்லை. இரண்டு மாட்டுக்கு இழப்பீடு தருகிறார்களாம். மூன்றாவது காட்டு எல்லைக்குள் செத்தது என்று தள்ளிவிட்டார்கள். என் தாத்தா வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பெயர் பெற்ற வேட்டைக்காரர். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கிய அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அவர் சுட்ட சிறுத்தையின் தோலும் மான் கொம்பும் சுவரில் மாட்டியிருக்கின்றன. 2021இல் அவர் காலமானார். குடகில் லைசென்ஸே இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், கேரளாவில் பன்றியைச் சுடுகிறார்கள், அமெரிக்காவில் துப்பாக்கி ஒரு உரிமை. எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? "இனியும் கூண்டு வைக்காவிட்டால் நானே சுடுவேன்" என்று கலெக்டரிடம் மனு கொடுத்து வீடியோவும் போட்டிருக்கிறேன். உயர் நீதிமன்றம் போனால் சுட அனுமதி கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாடு போன வீட்டின் நிலைமை எனக்குத் தெரியும், பால் வருமானத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதும் தெரியும். ஆனால் ரேஞ்சர் எப்படிப் பேசினார், தாத்தா எப்பேர்ப்பட்ட வேட்டைக்காரர், பக்கத்து மாநிலத்தில் என்ன நடக்கிறது, இதில் எதுவும் உங்கள் வழக்குக்கு உதவாது. நீங்கள் எழுதியதில் சட்டத்தின் கண்ணில் முதலில் படும் விஷயம் இதுதான்: தாத்தா 2021இல் இறந்தார், துப்பாக்கி இன்னும் வீட்டில் இருக்கிறது.

லைசென்ஸ் என்பது அந்த ஆளுக்குக் கொடுத்தது, வீட்டுக்குக் கொடுத்தது இல்லை. அவர் இறந்ததும் அந்தத் துப்பாக்கியைத் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். அப்புறம்தான் வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க முடியும். நீங்கள் ஒப்படைக்கவில்லை. அதனால் இன்றைய தேதியில் நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவர், ஒரு குண்டுகூடச் சுட்டிருக்க வேண்டியதில்லை. 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து இதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. "தாத்தா நினைவாக வைத்திருந்தேன்" என்பதை மாஜிஸ்திரேட் அனுதாபத்தோடு கேட்பார், ஆனால் அது சட்டப்படி பதில் ஆகாது.

இந்த நிலைமையில் இருந்துகொண்டுதான் கலெக்டருக்கு "நானே சுடுவேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அதைப் படிக்கும் அதிகாரிக்கு முதலில் என்ன தோன்றும்? எதை வைத்துச் சுடுவான் இந்த ஆள் என்றுதான் தோன்றும்.

சுடும் அனுமதி விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சிறுத்தை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையில் உள்ள மிருகத்தை வேட்டையாடத் தலைமை வன உயிரினக் காப்பாளர் 11ஆவது பிரிவின் கீழ் உத்தரவு போடலாம். ஆனால் அது மனித உயிருக்கு ஆபத்தாக இருக்க வேண்டும், அல்லது குணப்படுத்த முடியாத அளவு காயமோ நோயோ பட்டிருக்க வேண்டும். சொத்து, பயிர் என்ற சொற்கள் இரண்டாம் அட்டவணை மிருகங்களுக்குத்தான் வருகின்றன. மாடு உங்களுக்குப் பிள்ளை மாதிரி, சட்டத்துக்கு அது சொத்து. ஆக, முப்பது மாடு போயிருந்தாலும் சிறுத்தையைச் சுட உத்தரவு போட அந்த அதிகாரிக்கே அதிகாரம் கிடையாது, இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடாது. நீலகிரியில் டி23 புலியை நினைத்துப் பாருங்கள். நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி, வேட்டை உத்தரவும் வந்துவிட்டது, அப்படியும் உடனே கொல்ல வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2021 அக்டோபரில் அதை உயிரோடுதான் பிடித்தார்கள்.

தற்காப்பு? உண்டு. உங்களையோ இன்னொரு மனிதரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை. மாட்டைக் காப்பாற்ற என்பது அதில் இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் வன உயிரினச் சட்டத்தை மீறும் காரியம் எதையாவது செய்துகொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். செத்த மாட்டின் பக்கத்தில் பரண் கட்டித் துப்பாக்கியோடு காத்திருந்துவிட்டு "என் மேல் பாய்ந்தது" என்று சொல்ல முடியாது. இரை வைத்துக் காத்திருப்பதும் சட்டப்படி வேட்டைதான், முயற்சி செய்தாலே போதும்.

குடகுக்காரர்களுக்கு இருப்பது லைசென்ஸ் வாங்குவதிலிருந்து விலக்கு. வெள்ளையர் காலத்திலிருந்து வருவது, 2019இல் மத்திய அரசு 2029 வரை நீட்டித்தது, 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடும் அந்த மக்களும் சிறுத்தையைச் சுட்டால் ஜெயிலுக்குத்தான் போவார்கள், விலக்கு ஆயுதச் சட்டத்தில் மட்டும்தான். கேரளாவில் 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம். இங்கேயும் 2025 ஜனவரியில் பன்றி பற்றி அறிவிப்பு வந்தது, அதிலும் சுடுவது வனத்துறை, அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி. துப்பாக்கி உரிமை தரும் அமெரிக்காவின் இரண்டாவது திருத்தம் மாதிரி நம் அரசியலமைப்பில் எதுவும் கிடையாது, 19ஆவது பிரிவு தருவது ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை. பழங்குடி மக்களின் வேட்டை மரபு, மலையில் வாழும் விவசாயியின் பாதுகாப்பு, இதெல்லாம் பேச வேண்டிய விஷயங்கள்தான். உங்கள் பெயரில் நடக்கும் வழக்கில் வைத்துப் பேசாதீர்கள்.

சரி, இனி எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தச் சிறுத்தை எப்படிச் செத்தாலும் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். வயதாகிச் செத்தாலும், யாரோ பன்றிக்கு வைத்த சுருக்குக்கம்பியில் மாட்டிச் செத்தாலும், அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியைக் கடித்துச் செத்தாலும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் செத்த மாட்டில் தூவிய குருணைப் பூச்சிமருந்தைத் தின்று செத்தாலும், "சுடுவேன்" என்று எழுதிக் கொடுத்து வீடியோவும் போட்ட ஆள் நீங்கள் ஒருவர்தான். 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சிப் பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. பக்கத்தில் கிடந்த மாட்டின் உடலில் விஷம் இருந்தது, மாடு யாருடையது என்று விசாரித்துப் போய் ஒரு விவசாயியைக் கைது செய்தார்கள். 2022இல் தேனி மாவட்டத்தில் ஒரு தோட்டத்து வேலியில் சிறுத்தை செத்தபோது முதலில் கைதானவர் அங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்தவர். விசாரணை எப்போதும் ஆடு மாடு இழந்தவரிடமிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் தோட்டத்தில் வேலை செய்பவர்கள், தம்பி, மச்சான், யாராவது உங்கள் மேல் உள்ள பாசத்தில் "அண்ணன் கஷ்டத்தை முடித்து வைக்கிறேன்" என்று ஏதாவது செய்தால் தூண்டியதாக நீங்களும் சேர்வீர்கள். அவர்களை இன்றே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

விசாரணைக்கு வந்தால் வீட்டைச் சோதனை போடுவார்கள். துப்பாக்கி கிடைக்கும், அதைவிட மோசமாக, சுவரில் இருக்கும் தோல் கிடைக்கும். வன உயிரினச் சட்டம் வந்த 1972க்கு முன்னால் தாத்தா சட்டப்படியே சுட்டிருக்கலாம். ஆனால் அதை அப்போதே அறிவித்துப் பதிவு செய்து உரிமைச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், 2003இல் அதற்காக 180 நாள் கடைசி வாய்ப்பும் கொடுத்தார்கள். சான்றிதழ் இல்லாத சிறுத்தைத் தோல் வைத்திருப்பது சிறுத்தையைக் கொன்றதற்கு உள்ள அதே தண்டனை வரிசையில்தான் வருகிறது: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல். குறைந்தபட்சத் தண்டனை உள்ள இந்தக் குற்றத்தை, வழக்கு நடத்தாமல் இணக்கக் கட்டணம் கட்டி முடிக்க முடியாது, ரேஞ்சர் மனது வைத்தாலும் முடியாது. எங்கிருந்து வந்தது என்று காட்டும் பொறுப்பும் வைத்திருப்பவர் தலையில்தான் விழும்.

வக்கீலாக நான் பார்த்த கட்சிக்காரர்கள் விழுந்த இன்னொரு குழி வாக்குமூலம். காவல் நிலையத்தில் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று எல்லோரும் சினிமாவில் பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வனத்துறை அதிகாரி போலீஸ் அதிகாரி இல்லை, அந்தப் பாதுகாப்பு அங்கே தானாக வராது. "டீ குடித்துவிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டதும் போய், துப்பாக்கி இருக்கிறது, கோபத்தில் சொன்னேன், தோல் தாத்தாவுடையது என்று உண்மையை உண்மையாகச் சொல்லி, அதையே வழக்கின் முதுகெலும்பாக்கிக் கொண்டவர்களுக்கு நான் ஜாமீன் போட்டிருக்கிறேன். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வக்கீல் பக்கத்தில் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

துப்பாக்கியை ஒப்படைக்கப் போகிறேன் என்று சாக்கில் சுற்றிப் பைக்கில் வைத்துக் கிளம்பவும் வேண்டாம். அப்படிக் கிளம்பிய ஒருவர் காட்டுப் பாதையில் செக்போஸ்டில் பிடிபட்டார். ஒப்படைக்கத்தான் கொண்டு போகிறேன் என்று அவர் சொன்னதை நம்ப யாரும் தயாராக இல்லை, கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. முதலில் வக்கீல் மூலமாகக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், இறப்புச் சான்றிதழ், தாத்தாவின் பழைய லைசென்ஸ் இரண்டின் நகலையும் இணையுங்கள், அவர்களையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அல்லது எந்த நாளில் எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மிச்சம் இருக்கும் கரிமருந்து, ரவை எல்லாவற்றையும் அதே பட்டியலில் சேருங்கள், ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். தாமதத்துக்குக் கேள்வி வரும், வழக்கே வராது என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் தானாக முன்வந்து ஒப்படைத்தவருக்கும் சோதனையில் பிடிபட்டவருக்கும் உள்ள வித்தியாசம் கோர்ட்டில் பெரியது. தோல், கொம்பு விஷயத்தை இதோடு கலக்காதீர்கள். தாத்தாவின் பழைய பெட்டி, டிரங்கு எல்லாவற்றையும் அலசி, உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்த பிறகு தனியாக முடிவு செய்ய வேண்டியது அது. எக்காரணம் கொண்டும் எரிக்கவோ விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ கூடாது.

உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கிடைக்குமா என்றும் கேட்பீர்கள். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய லைசென்ஸ் கொடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். நீங்கள் இருப்பது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவில். "சுடுவேன்" மனு கொடுத்தவருக்கு அந்த ஒப்புதல் வராது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

இழப்பீடு. இரண்டு மாட்டுக்குத் தருகிறார்கள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், மூன்றாவதை விட்டுவிடுங்கள். இதை ஏற்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அந்த மாட்டுக்காக நீங்கள் மேல்முறையீடு செய்தால் அது எங்கே மேய்ந்தது, யார் ஓட்டிப் போனார் என்பதுதான் விசாரணையாகும், புலிகள் காப்பகத்துக்குள் மாடு மேய்த்ததாக உங்கள் கையெழுத்திலேயே ஒரு ஆவணம் உருவாகும். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காட்டுக்குள் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவுக்கு என்று சுருக்கியது, நீங்கள் அந்தச் சுருக்கத்துக்குள்தான் வருகிறீர்கள். ஒரு மாட்டின் பணத்துக்காக இரண்டு மாட்டின் பணத்தையும் பணயம் வைக்காதீர்கள். இனி மாடு அடிபட்டால் உடலை நகர்த்தாமல் அன்றே தகவல் கொடுங்கள், படம் எடுங்கள், கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று கையில் இருக்கட்டும்.

மனுவுக்கு ஒரு துணை மனு போடலாம்: முந்தைய மனுவில் மனவேதனையில் எழுதிய அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன், கேமரா வைத்துக் கண்காணிக்கவும் தேவைப்பட்டால் கூண்டு வைக்கவும் கேட்கிறேன் என்று நான்கு வரி போதும், அதில் தாத்தாவும் வேண்டாம் குடகும் வேண்டாம். வீடியோவைப் பொதுவிலிருந்து எடுத்துவிடுங்கள், உங்கள் போனில் இருக்கும் பிரதியை மட்டும் அழிக்காதீர்கள். இந்த வாரமே ஈரோட்டிலோ சத்தியமங்கலத்திலோ ஆயுதச் சட்ட வழக்கு நடத்திய ஒரு வக்கீலைப் பாருங்கள். போகும்போது தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தையும் கலெக்டரிடம் கொடுத்த மனுவின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள், துப்பாக்கி வீட்டில் பூட்டியே இருக்கட்டும்.