கோயில் கட்டாரி என்று சொன்னால் நம்பலாமா?

கேள்வி: பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஒரு கட்டாரியை (குறுக்குப் பிடி வைத்த குத்துவாளை) காட்டி, இருநூறு வருஷப் பழசு, அம்மன் கோயில் பூசையில் இருந்தது, வீட்டுக்குக் காவல் என்கிறார். அதற்கென்றே விலையும் கூட. வாங்கலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கோயிலில் இருந்தது நிஜமென்றால் தொடவே வேண்டாம். பொய்யென்றால் அந்தக் கதைக்கு எதற்குக் காசு? கருப்பராயனுக்கும் முனியப்பனுக்கும் நேர்ந்து வைத்த அரிவாளும் வேலும் சாமி சொத்து. கோவை ராமலிங்க சௌடேஸ்வரி அம்மன் கோயிலில் விஜயதசமியன்று தேவாங்கர் சமூகத்தார் தங்கள் உடம்பில் கத்தி போட்டுக்கொள்கிறார்களே, அங்கே விரதமும் அம்மன் அழைப்பும் சேர்ந்துதான் கத்திக்கு மதிப்பு. கடையில் தனியாகக் கிடப்பது இரும்பு. இரும்புக்கு மட்டும் விலை பேசுங்கள்.

முதலில் பிடியைப் பாருங்கள். இரண்டு பக்கச் சட்டம், நடுவில் குறுக்குப் பிடி. அவை சேரும் இடத்தில் வெல்டிங் உருண்டை தெரிந்தால் புதுசு, அல்லது ஒட்டுப்போட்டது. துரு எங்கும் ஒரே செம்மஞ்சளாக இருந்தால் ஆசிட் வேலையாகச் சந்தேகப்படுங்கள். பழைய இரும்பு கரும்பழுப்பாக, திட்டுத்திட்டாக, அங்கங்கே குழி விழுந்து இருக்கும். 'கொடுமணல் உருக்கு' என்று ஆரம்பித்தால் சிரித்துவிட்டு நகருங்கள். கொடுமணலில் இருந்த அந்த நொய்யல் கரை இரும்பு உலைகள் சங்க காலத்தவை. கட்டாரி பல நூற்றாண்டு பிந்தியது. பிடி யானைத் தந்தம் என்றால் வாங்குவதும் விற்பதும் குற்றம்.

நூறு வருஷம் தாண்டிய பொருளை விற்க, 1972 தொல்பொருள் சட்டப்படி வியாபாரிக்கு உரிமம் வேண்டும், நகல் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வயசும் பொய், இல்லை வியாபாரமே கோணல். பில்லில் அளவும் படமும் இருக்கட்டும். அலகு 9 அங்குல நீளமோ 2 அங்குல அகலமோ தாண்டினால் 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வரும். பல கட்டாரிகள் அடிப்பக்க அகலத்திலேயே தாண்டிவிடும். அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இதற்கும் லைசென்ஸ் தேவை. உங்கள் ஊர் அதில் வருகிறதா என்று கலெக்டர் ஆபீசில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: ஆயுத பூசைக்குக் கட்டாரி முனையில் எலுமிச்சம்பழம் குத்தி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். புளிப்பு ஒரே ராத்திரியில் இரும்பைக் கறுக்க வைக்கும். பழத்தைப் பக்கத்தில் வையுங்கள்; சந்தனம், குங்குமம் பிடியில் மட்டும். மறுநாள் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு மெல்லப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் நாளாவட்டத்தில் பிசுக்காகி அழுக்கைப் பிடிக்கும். தோல் உறைக்குள் போட்டுவைக்காதீர்கள். தோல் ஈரம் இழுக்கும், அதைப் பதப்படுத்திய மருந்தும் இரும்பைத் தின்னும். உறை தனி, கத்தி தனி.