மரைன் டிரைவில் ஓட வெட்கமாக இருக்கிறது

வணக்கம் ஐயா,

எனக்கு 54 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். சீனி கூடுகிறது என்று டொக்டர் சொன்னதால் விடிய மரைன் டிரைவில் நடக்கிறேன். கொஞ்சம் ஓடவும் ஆசை. ஆனால் எதிரே யாராவது வந்தால் நின்று கைபேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறேன். கோயிலில் ஒருவர், "இந்த வயசில என்ன ஓட்டம்?" என்று வேறு கேட்டுவிட்டார். இந்தக் கூச்சத்தை எப்படி விடுவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் செய்த ஒரு சோதனை 2000இல் வெளியானது. போட்டுக்கொள்ளவே கூசும் ஒரு டீசேர்ட்டோடு மாணவர்களை, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

சரி, அந்த மாணவர்கள் வெள்ளவத்தையில் குடியிருக்கவில்லை. இங்கே கால்வாசிப் பேர் பார்த்தாலே பின்னேரத்துக்குள் மிச்சப் பேருக்கும் தெரிந்துவிடும். அதனால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொல்லமாட்டேன். பார்ப்பார்கள். கேட்டால் "டொக்டர் சொன்னவர்" என்று சொல்லுங்கள். நம்மவர்களிடம் அதற்கு மேல் கேள்வி வராது. வயதைப் பற்றிப் பேச்சு நீண்டால் முல்லைத்தீவு அகிலத்திருநாயகியைச் சொல்லலாம். 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கம் வென்றவர்.

என் கவலை வேறு. கூச்சப்படுகிறவர்கள் ஆள் வரும்போது நிற்பார்கள், இல்லாவிட்டால் வேகமாக ஓடுவார்கள். ஓட்டக்காரர் மாதிரித் தெரிய வேண்டுமே! நூறு மீற்றரில் மூச்சு இரைக்கும். இது நமக்குச் சரிவராது என்று அன்றோடு விட்டுவிடுவார்கள். சரிவராதது அந்த வேகம்தான். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் இன்னும் குறையுங்கள். விறுவிறுவென்று நடக்கிற ஒருவர் உங்களை முந்திப் போனால் போகட்டும். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படியே இருபது நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். குதிக்காலும் முழங்காலும் பழக மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் அவைதான் முதலில் முறையிடும். கொழும்பின் ஈரக்காற்றில் வேர்வை லேசில் காயாது, உடம்புச் சூடும் இறங்காது. வெயில் ஏறமுன் வீட்டுக்கு வந்துவிடுங்கள். சீனிக்குக் குளிசை எடுப்பதாக இருந்தால், ஓடத் தொடங்கமுன் டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

முதல் சில வாரங்கள் சுதந்திர சதுக்கத்துக்குப் போகலாம். அங்கே நடப்பவரும் ஓடுபவருமாக எல்லா வயதிலும் ஆட்கள் இருப்பார்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் தெரியவே தெரியாது. பிறகு மரைன் டிரைவுக்குத் திரும்பினால், ஒரே நேரத்துக்கு ஒரே பக்கமாக ஓடுங்கள். பார்த்துப் பார்த்து ஆட்களுக்கே அலுத்துவிடும்.

உடுப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதுவும் மனதில் இருக்கும். பஞ்சாபியோடும் ஓடலாம், சால்வை மட்டும் வேண்டாம். காசு செலவழிப்பதானால் சப்பாத்துக்குச் செலவழியுங்கள். பின்னேரம் கால் சற்று வீங்கியிருக்கும், அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போய் அளவு பாருங்கள்.