2 ஜிபியில் நிற்கும் புரோகிராம்: பெங்களூரு சி மொழி நண்பர்களின் கேள்விகள்

எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்: அக்கா, எங்கள் 32 பிட் லினக்ஸ் போர்டில் கேமரா பதிவு 2 ஜிபி வந்ததும் நின்றுவிடுகிறது. கார்டில் இடம் நிறைய இருக்கிறது.

பதில்: ஃபைலின் அளவைப் பைட்டில் பாருங்கள். 2147483647 என்று இருந்தால் கார்டைச் சந்தேகிக்க வேண்டாம். ஃபைலில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை வைத்திருக்கும் ஆஃப்_டி, அங்கே வழக்கமாக 4 பைட்தான். அதில் ஒரு பிட் பிளஸ், மைனஸ் குறிக்குப் போய்விடும், மிச்சம் 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் அதுதான். கம்பைல் செய்யும்போது _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்=64 என்ற மேக்ரோவை, ஆங்கிலப் பெரிய எழுத்தில், மைனஸ் டி ஆப்ஷன் போட்டுக் கொடுங்கள், ஆஃப்_டி 8 பைட் ஆகிவிடும். அப்புறம் கார்டின் ஃபார்மேட் ஃபேட்32 என்றால் 4 ஜிபியில் இன்னொரு சுவர் உண்டு. அதற்கு ஃபார்மேட்டை மாற்றுவதுதான் வழி.

ராமமூர்த்தி நகர் வாசகர்: மேக்ரோ போட்டும் சரியாகவில்லையே, அக்கா? ஹெடர் ஃபைல்களைச் சேர்க்கும் வரிகளுக்குக் கீழே டிஃபைன் செய்திருக்கிறேன்.

பதில்: அதுதான் தம்பி, கோளாறு. முதல் ஹெடர் உள்ளே வரும்போதே ஆஃப்_டி எத்தனை பைட் என்று முடிவாகிவிடும். அதற்குப் பிறகு சொல்லிப் பயனில்லை. சோர்ஸில் எழுதாமல், பில்ட் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் வையுங்கள். பில்டை அமைக்க ஆட்டோகான்ஃப் கருவி என்றால் அதில் ஏசி_சிஸ்_லார்ஜ்ஃபைல் என்ற வரி போதும், ஆனால் கான்ஃபிக் ஹெடர் எல்லா ஃபைலிலும் முதல் வரியாக வர வேண்டும். பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை அழித்துவிட்டு முழுதாக பில்ட் செய்யுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் என் புரோகிராமை 64 என்று கம்பைல் செய்தேன், கூட இருந்த லைப்ரரி பழையபடியே இருந்தது. இரண்டுக்கும் பொதுவான ஸ்ட்ரக்சரில் ஆஃப்_டிக்கு அடுத்த ஃபீல்டுகள் எல்லாம் 4 பைட் தள்ளிப்போயின. எரர் எதுவும் வரவில்லை, டேட்டாதான் கெட்டது. கண்டுபிடிக்க மூன்று ராத்திரி ஆனது.

அல்சூர் வாசகி: 10 கேபி ஃபைலின் விவரம் கேட்டு ஸ்டாட் ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் ‘வேல்யூ டூ லார்ஜ்’ என்கிறதே?

பதில்: அளவு சின்னதுதான், ஆனால் ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு ஃபைலுக்கும் தரும் ஐநோட் எண் 32 பிட்டில் அடங்கவில்லை. எக்ஸ்எஃப்எஸ் ஃபார்மேட்டில் உள்ள பெரிய டிஸ்கில் இப்படி வரும். மருந்து அதே மேக்ரோதான்.

வொயிட்ஃபீல்டு வாசகர்: 64 பிட் லினக்ஸில் இதெல்லாம் தேவையா, அக்கா?

பதில்: மேக்ரோ தேவையில்லை. ஆனால் ஃபைலில் இடம் மாறவும் இடத்தைக் கேட்கவும் உதவும் எஃப்சீக், எஃப்டெல் இரண்டும் லாங் வகையை நம்புகின்றன, விண்டோஸிலும் 32 பிட் லினக்ஸிலும் லாங் இன்னும் 4 பைட்தான். 32 பிட் போர்டிலும் ஓட வேண்டிய கோடு என்றால் அவற்றுக்குப் பதில் ஆஃப்_டியைப் பயன்படுத்தும் எஃப்சீக்ஓ, எஃப்டெல்ஓ எழுதிவிடுங்கள். ஃபைல் அளவை இன்ட்டில் போட்டு வைத்த வரிகளையும் தேடிப் பாருங்கள், அவற்றை எந்த மேக்ரோவும் காப்பாற்றாது. சோதிக்க ட்ரங்கேட் கமாண்டில் 3 ஜிபி வெற்று ஃபைல் உருவாக்குங்கள், ஈஎக்ஸ்டி4 டிஸ்கில் இடமே பிடிக்காது. அதன் கடைசிப் பைட்டை உங்கள் புரோகிராம் படிக்கிறதா என்று பாருங்கள்.