நிபந்தனை இல்லாமல் எல்லோருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்தால் மக்கள் வேலைக்குப் போவார்களா?

இந்தக் கேள்வியைக் கடந்து போகத்தான் நினைத்தேன், முடியவில்லை. 'சும்மா காசு வந்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்' என்று என் அம்மாவைப் பற்றியே காதுபடக் கேட்டவள் நான். கேள்வி கேட்ட நீங்கள் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குபவர் என்று நினைக்கிறேன். தவறு என்றால் மன்னியுங்கள். கூலி வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் அவ்வளவாக வராது.

அம்மா ஆலங்குளம் பக்கம் முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார். சாயங்காலமே இலையை நனைத்து வைத்து, விடியும் முன் எழுந்து தகரத் துண்டை வைத்து அளவாக வெட்ட வேண்டும். அப்புறம் சுளகை (முறத்தை) மடியில் வைத்து உட்கார்ந்தால், தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்கி என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். அதற்குக் கையில் கிடைப்பது 300 ரூபாய்கூடக் கிடையாது. கடையில் கொடுக்கும் இலை ஓட்டையும் கிழிசலுமாக இருந்தால், குறையும் எண்ணிக்கைக்குச் சொந்தக் காசில் இலை வாங்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அம்மா இரவு பதினொரு மணிக்கு முன் படுத்து நான் பார்த்ததில்லை.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பித்தது. மாதம் 1000 ரூபாய், அம்மாவுக்கும் வந்தது. (கட்சிக்காரி என்று யாரும் வர வேண்டாம், நான் எந்தக் கட்சியும் இல்லை. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுபோல நிபந்தனைகள் இருப்பதால் இது நீங்கள் கேட்கும், எல்லோருக்கும் நிபந்தனையின்றித் தரும் 'அடிப்படை வருமானம்' இல்லை என்பதும் தெரியும்.) பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இரவு எட்டு மணிக்கே சுளகு சுவரில் சாய்ந்திருந்தது. உடம்புக்கு ஏதோ என்று பயந்து கேட்டேன். "கண்ணு எரியுதுட்டி. ஆயிரம் ரூவா வருதுல்லா, ராத்திரி லைட்டு போட்டுச் சுத்துறத விட்டுட்டேன்" என்றார்.

அதாவது ஒரு நாளைக்கு 40 கட்டு சுற்றியது 34 ஆகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆறு கட்டின் மாதக் கூலியும் உரிமைத் தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில்: ஆமாம், என் வீட்டில் வேலை குறைந்தது. எட்டு மணிக்கு மேல் செய்த வேலை குறைந்தது. அதைச் சோம்பல் என்று சொல்பவர் ஒரு வாரம் அந்தச் சுளகோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஒரு வீட்டை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பீர்கள். சரி. மத்தியப் பிரதேசத்தில் 2011-இல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் நிபந்தனையில்லாமல் பணம் கொடுத்துப் பார்த்தது. பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100. பிறகு 300-ம் 150-ம் ஆக்கினார்கள். ஜனங்கள் வீட்டில் படுத்துவிடவில்லை. அடுத்தவர் வயலில் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தில் கூடுதலாகப் பாடுபட்டார்கள். கனடாவில் டாஃபின் என்ற ஊரில் 1970-களில் குறைந்தபட்ச வருமானத்துக்கு உத்தரவாதம் கொடுத்தபோது வேலையைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டவர்கள் முக்கியமாக இரண்டு வகையினர்தான்: கைக்குழந்தை உள்ள தாய்மார்களும், படிப்பை விடாத பையன்களும்.

எங்கள் ஊரில் சித்தப்பா முறை வேண்டிய ஒருவர் 'காசு வந்ததும் பொம்பளைங்க தோட்ட வேலைக்கு வரமாட்டேங்குறாளுவ' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஓய்வூதியம் வருகிறது. அது அவர் உழைத்த உரிமை, குறை சொல்லவில்லை. அது வந்த பிறகும் தினமும் காலையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறாரே! அவரைப் போலத்தானே அம்மாவும்? கூலியைக் கூட்டிக் கேட்டால் கொடுக்க மனமில்லை, வராவிட்டால் மட்டும் சோம்பேறி.

எனக்கு ஆறாத இன்னொரு விஷயம் உண்டு. முதல் மாதம் வந்த ஆயிரத்தில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கியில் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுத்தார்கள். அம்மா அரை நாள் வேலையை விட்டு, பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று வாங்கிய பணம். கேட்டதற்கு 'சிஸ்டம் எடுத்துக்கொண்டது' என்றார்களாம். ஏழைக்குக் காசு கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்று கவலைப்படும் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

நேற்று போனில் பேசும்போதும் அம்மா 34 கட்டுதான் என்றார். இந்த வாரம் இலை மோசமாம், அதனால் 34-க்கே இழுபறி.